வெளியூர் போகாத கோடை விடுமுறை: சித்திரை, வைகாசியை எப்படித் திட்டமிடலாம்?

மொட்டைமாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வுகள் முடியப்போகின்றன. இந்த ஆண்டு வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமியாருக்கு எண்பதை நெருங்கும் வயது என்பதால் அவரைத் தனியே விட்டுச் செல்ல இயலாது. எனக்கும் கணவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்புக் கிடைப்பதும் கடினம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். மொட்டைமாடியைப் பயன்படுத்திக்கொள்ளத் தடையில்லை. மகன் எட்டாம் வகுப்பும் மகள் ஐந்தாம் வகுப்பும் முடிக்கிறார்கள். அவர்களைக் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளில் சேர்த்துவிட்டு, காலையிலும் மாலையிலும் வண்டியில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவதையே விடுமுறை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை. பெரிய செலவில்லாமல், அலுப்பில்லாமல், வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் நினைவில் நிற்கும்படி இந்தக் கோடையைக் கழிக்க என்னென்ன செய்யலாம்? முன்கூட்டியே திட்டமிட வேண்டியவை எவை என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொருநைக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கோடைக்குத் திட்டமிடும்போது எல்லோரும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் நேரத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். நம் ஊர் வெயிலில் காலை ஐந்து மணி முதல் ஏழரை வரை ஒரு பொழுது, பதினொன்று முதல் நான்கு வரை ஒரு பொழுது, மாலை ஐந்துக்கு மேல் இன்னொரு பொழுது. முதல் பொழுதில் வெளியே இருக்க வேண்டும். இரண்டாவதில் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதித் திட்டம் முடிந்துவிடும். விடுமுறை என்பதற்காகப் பிள்ளைகளை எட்டு மணி வரை தூங்கவிடும் வீடுகளில், அன்றைய நாளின் நல்ல பகுதி அவர்கள் கண்விழிக்கும் முன்பே தீர்ந்துபோகிறது. பிற்பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிக்கொள்ளட்டும். விடியற்காலையில் எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ சூரியன் எழும்போது கால் நனைத்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பிப் பழைய சோறு சாப்பிடலாம்.

சென்னைக்கு ஒரு கூடுதல் வசதி கடற்காற்று. அது நண்பகலை ஒட்டியே கரையேறிவிட்டால் பிற்பகல் தாங்கும்படி இருக்கும்; மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து அதைத் தடுத்துவிடும் நாட்களில்தான் வெயில் கொளுத்தும். கத்திரி முடிந்துவிட்டது என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 முதல் 28 வரை இருக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டில் சென்னை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது மே மாதத்தின் கடைசி நாட்களில், அதாவது கத்திரி கழிந்த பிறகு.

கூடல் வாசகன் எழுதியது:

பொருநைக்கரை ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கோடை என்றவுடன் எங்கள் ஊரில் அழகர் ஆற்றில் இறங்குவதுதான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்துக்குள் மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் மதுரைத் தெருக்களில் நடப்பதில் ஒன்றை நீங்கள் இருக்கும் இடத்திலேயே செய்ய முடியும். சித்திரைத் திருவிழாவில் வீதிக்கு வீதி பந்தல் போட்டு, வருவோர் போவோர் எல்லோருக்கும் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். உங்கள் குடியிருப்பின் வாயிலில் ஒரு மேசையைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒரு மணி நேரம் பிள்ளைகளையே நீர்மோர் கொடுக்கச் சொல்லுங்கள். காவலாளி, குப்பை எடுக்க வருபவர், உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்கள் என்று குடிக்க ஆளுக்குப் பஞ்சமிருக்காது. தயிரை நன்றாகக் கடைந்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு ஆகியவற்றைத் தட்டிப் போட்டால் போதும். பானகத்துக்கு வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. இரண்டுக்கும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை.

ஒரு மண்பானையும் வாங்கிவிடுங்கள். புதுப்பானையை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மண்வாசம் குறைந்த பிறகு பயன்படுத்த வேண்டும். ஈர மணல் பரப்பிய தட்டின் மேல், காற்றோட்டமான மூலையில் வையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஆகையால் எங்கள் வறண்ட காற்றில் குளிரும் அளவுக்குச் சென்னையின் புழுக்கத்தில் குளிராது. அதில் ஏமாற்றம் வேண்டாம். வெட்டிவேர் ஒரு பிடி போட்டு வைத்தால் அந்தக் குறையை வாசனை ஈடுசெய்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் வடாத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! மொட்டைமாடி இருக்கிறது, வீட்டில் பெரியவர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்? முந்தைய நாள் பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்பு, அரைத்த பச்சைமிளகாய், பெருங்காயம் சேர்த்து, மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்த மாவு மெல்ல நிறம் மாறிக் கண்ணாடி போல் பளபளக்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாது. அதுதான் பதம். ஆறியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்து, தேன்குழல் அச்சில் போட்டு, மாடியில் விரித்த பழைய வேட்டியில் பிழிய வேண்டும். ஏழு மணிக்குள் பிழிந்து முடித்துவிட்டால் தரை சுடுவதற்கு முன் இறங்கிவிடலாம். நன்றாகக் காய்ந்த பின் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டால் வடாம் தானாகக் கழன்று வரும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி மேலும் இரண்டு நாள் காயவிட வேண்டும்.

ஆனால் இதில் பிள்ளைகளுக்கு உரிய பங்கு பொரித்த வடாம் அன்று. பிற்பகல் நான்கு மணிக்குக் காக்கை விரட்டுகிறேன் என்று மாடிக்குப் போய், மேலே காய்ந்தும் உள்ளே கூழாகவும் இருக்கும் அரைக்காய்ச்சல் வடாத்தைப் பிய்த்துத் தின்பதில்தான் அவர்களின் கோடை இருக்கிறது. கிளறிய கூழில் ஒரு கரண்டி எடுத்து நல்லெண்ணெய் விட்டு மாமியாருக்குக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பழங்கதைகள் வெளிவருகின்றன என்று நீங்களே எழுதுவீர்கள்.

அடுப்படிக்கு அப்பால் எழுதியது:

பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இழையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் வேலைக்குப் போகும் பெண். அலுப்பில்லாமல் கழிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு நாம் கொடுத்திருக்கும் பட்டியலைப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், குடியிருப்புக்கே மோர் கடைய வேண்டும், இருட்டோடு எழுந்து கூழ் கிளற வேண்டும். மே மாதத்தில் அடுப்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்று கூழ் கிளறியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு எளிய இன்பம் என்று. நாம் ஏக்கத்தோடு நினைத்துப்பார்க்கும் அந்தப் பழைய கோடைகளில் பாட்டிகளும் அத்தைகளும் எங்கே இருந்தார்கள்? நாம் மாமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தபோது பதினைந்து பேருக்கு மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கோடை எப்படிப் போனது என்று கேட்டதில்லை.

வடாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் நேராக, அதை யார் செய்யப்போகிறார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் அந்தத் திட்டத்தைக் கிழித்துப்போடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் வடாத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் கூழ் கிளறுவது என் கணவர். கை வலிக்கும் வேலை என்பதால் அது அவருக்கு என்று திருமணமான புதிதிலேயே முடிவாகிவிட்டது. அச்சை அழுத்துவதற்கு எட்டாம் வகுப்புப் பையனின் கைவலு தாராளமாகப் போதும். பதம் சொல்வது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பொறுப்பு. அந்த அளவுக்கும் ஆள் கூடவில்லையென்றால் ஜவ்வரிசி வடாம் போடுங்கள். இரவு ஊறவைத்துக் காலையில் கண்ணாடியாகும்வரை கொதிக்கவிட்டு, உப்பும் காரமும் சேர்த்து, கரண்டியால் வட்டம் வட்டமாக நெகிழித் தாளில் ஊற்ற வேண்டியதுதான். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே ஊற்றிவிடும். கோடைக்கு ஒரு முறை போதும். ஆண்டு முழுவதற்கும் டப்பா டப்பாவாக நிரப்ப வேண்டிய கட்டாயம் இப்போது எவருக்கும் இல்லை.

ஒற்றையடிப் பாதை எழுதியது:

இவ்வளவு யோசிப்பதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டில் யாரையாவது பெரியவருக்குத் துணையாக வைத்துவிட்டு, இரண்டு நாள் கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ போய்வந்தால் என்ன?

பொருநைக்கரை எழுதியது:

நண்பரே, குற்றாலத்தில் சாரல் தொடங்குவதே ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்த பிறகுதான். சித்திரையில் வந்தால் பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். கோடை மழையால் நீர் வந்தாலும் எச்சரிக்கை தேவை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கோடையில் வாகனங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அப்படியும் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்கின்றன. சகோதரி கேட்டது வீட்டிலிருந்தே கழிக்கும் கோடையைப் பற்றி, அதையே பேசுவோம்.

வான்நோக்கி எழுதியது:

அடுப்பும் வேண்டாம், செலவும் வேண்டாம் என்றால் தலைக்கு மேலேயே சில இருக்கின்றன. முதலாவது பகலில். சென்னையின் அகலக்கோடு ஏறத்தாழ 13 டிகிரி என்பதால், ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். பன்னிரண்டு மணி கடந்து ஏழெட்டு நிமிடங்களில், நேர்ச்சுவர் கொண்ட ஓர் எவர்சில்வர் டப்பாவைச் சமதரையில் வைத்தால், அதைச் சுற்றி எந்தப் பக்கத்திலும் நிழல் இருக்காது. பதினொன்றரை மணியிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி டப்பாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள். செருப்பும் தொப்பியும் கட்டாயம். பகலில் வெளியே போகக் கூடாது என்ற விதிக்கு அந்த ஒரு நாள் மட்டும் விலக்குக் கேட்கிறேன். பிற ஊர்க்காரர்களுக்கும் இது உண்டு. தெற்கே போகப் போக நாள் முந்தும்; கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும்.

இரண்டாவது இரவில். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய் முதலில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அதன் வாலில் நுனியிலிருந்து இரண்டாவது விண்மீன் வசிஷ்டர்; அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. நகர வெளிச்சத்தில் அது தெரிந்தால் உங்கள் கண்ணாடி எண் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த வாலின் வளைவை அப்படியே வானத்தில் நீட்டிக்கொண்டு வந்தால், இளஞ்செம்மஞ்சள் நிறத்தில் சுவாதி. இன்னும் நீட்டினால் நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. பிறகு தெற்கே திரும்புங்கள். அடிவானத்திலிருந்து கையை நீட்டி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நான்கு விண்மீன்கள் சிலுவையாக நிற்கும். திரிசங்கு என்று நம்மவர்கள் அழைக்கும் தெற்குச் சிலுவை அதுதான். தில்லியில் இருப்பவர்கள் அடிவானப் புழுதிக்குள் தேட வேண்டிய ஒன்றை நாம் பாயில் படுத்தபடியே பார்க்கிறோம். தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. தென்திசையில் உயரமான கட்டடம் இல்லாமல் இருந்தால் போதும்.

சித்திரைப் பௌர்ணமி இரவை மட்டும் முன்பே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று முழுநிலவு சித்திரை விண்மீன் இருக்கும் பகுதியில்தான் உலவும்.

பொருநைக்கரை எழுதியது:

பௌர்ணமியை நினைவூட்டியதற்கு நன்றி. எங்கள் பக்கத்தில் அன்று புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் நிலாவொளியில் சாப்பிடுவார்கள். மாடியிலும் அதைச் செய்யலாம். அடுப்படிக்கு அப்பால் அம்மாவின் விதிப்படி, ஒவ்வொரு சோற்றுக்கும் ஒரு வீட்டின் பெயர் எழுதப்பட வேண்டும். குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு பாத்திரம்தான். பௌர்ணமியன்று சமையல் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நிலாவை ரசிப்பது முறையாகாது.

மாடித் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்தால் குப்பென்று ஆவிதான் எழும். அதைக் கண்டு பின்வாங்காமல், அது அடங்கிய பிறகு ஏழு மணிக்கு இன்னொரு முறை தெளித்தால்தான் பாய் விரிக்கும்படி ஆகும். தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தால் துணி அலசிய தண்ணீரையே இதற்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

மாங்கனி நகரம் எழுதியது:

சேலத்துக்காரன் வாய் திறக்காமல் இருந்தால் ஊரில் நுழையவிட மாட்டார்கள். மாம்பழத்துக்கும் நாட்காட்டி உண்டு என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து செந்தூராவும் பங்கனப்பள்ளியும். மே மாதத்தில் இமாம்பசந்த். அதை ஒட்டி மல்கோவா. எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஜூன், ஜூலையில் நீலம். வாரத்துக்கு ஒரு வகை என்று வைத்துக்கொண்டு, பிள்ளைகளை மதிப்பெண் போடச் சொல்லலாம். என்னைக் கேட்டால் இமாம்பசந்துக்கு இணை கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் மல்கோவாவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதால் இதை இங்கே மட்டும்தான் சொல்ல முடியும்.

பழுத்ததை வாங்குவதைவிட முற்றிய காயாக வாங்குவது நல்லது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குச் சட்டப்படி தடை இருந்தாலும் சந்தையில் அது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோலோ செய்தித்தாளோ பரப்பி, காம்புப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, ஒரு பழுத்த வாழைப்பழத்தையும் உடன் வைத்து மூடுங்கள். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து காம்படியில் மூக்கை வைத்து முகர்ந்து, எது இன்றைக்கு என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீரில் போட மறக்க வேண்டாம். காம்பிலிருந்து வடியும் பால் போனால்தான் உதடு அரிக்காது.

நுங்கையும் விட்டுவிடக் கூடாது. சாலையோரத்தில் குலையோடு வைத்துச் சீவித் தருபவரிடம் நின்று, இளசாக வெட்டச் சொல்லி, கட்டைவிரலால் தோண்டி அங்கேயே உறிஞ்ச வேண்டும். சுளையை எடுத்துப் பொட்டலமாக வாங்கி வந்து தோலுரித்துச் சாப்பிடுவது வேறு பொருள். சுளை எடுத்த வெறுங்காயில் (கூந்தல் என்போம்) இரண்டை வாங்கி வாருங்கள். ஒரு குச்சியின் இரு முனைகளிலும் அவற்றைச் செருகி, கவைக்கோலால் தள்ளினால் நுங்கு வண்டி. எட்டாம் வகுப்புப் பையன் முதலில் வெட்கப்படுவான். தங்கை ஓட்டத் தொடங்கியதும் பிடுங்கிக்கொள்வான். பதநீரை மட்டும் காலை நேரத்தில், நம்பிக்கையானவரிடம் வாங்குங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகப் புளிக்காமல் நிற்கிறது. உச்சிவெயிலில் நெகிழிக் குடத்தில் வைத்து விற்பதை நான் தொடுவதில்லை.

புத்தகப்புழு எழுதியது:

பதினொன்று முதல் நான்கு வரை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையிலேயே கொண்டுபோய் விட்டால், குழந்தைகள் பிரிவில் மாலை வரை இருக்கலாம். 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் ஒரு முறை காட்டுங்கள்; பழைய கட்டடத்தின் உட்கூரையையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்ப்பதற்காகவாவது. மற்ற நாட்களில் பல்லாங்குழி. பதினான்கு குழிகளில் ஐந்தைந்து புளியங்கொட்டை போட்டு ஆடத் தொடங்கினால், நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று சொல்லி அள்ளுவதில் உங்கள் மாமியார் பேரப்பிள்ளைகளைத் தோற்கடித்துவிடுவார். பலகை இல்லாவிட்டால் தரையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு வட்டம் வரைந்தாலும் ஆட்டம் நடக்கும்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உங்கள் பதிவுகளை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அடுப்படிக்கு அப்பால் அவர்கள் சொன்னபடி ஒரு தாளில் இரண்டு பத்தி வரைந்து பெயர்களை எழுதினோம். முதல் சுற்றில் என் பெயர் ஏழு இடங்களில் வந்தது. அதைப் பார்த்துக் கணவரே சிலவற்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கடற்கரைக்குச் சனிக்கிழமை அதிகாலையில் அவர் அழைத்துச் செல்கிறார். அந்த நேரத்தில் நான் தூங்குகிறேன். மாம்பழப் பெட்டி மகளுக்கு. நிழல் அளக்கும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். பௌர்ணமி இரவுக்கு எதிர்வீட்டாரையும் மேல்தளத்தில் இருப்பவர்களையும் கேட்டிருக்கிறேன். தயிர்ச்சோறு எங்கள் பங்கு. வீட்டிலேயே மிகவும் எளிதானது என்பதால் அதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். மோர்ப்பந்தலை இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் செய்தால் அதுவே ஒரு பயிற்சி வகுப்பாகிவிடும்.

வடாம் மட்டும் இழுபறியில் இருக்கிறது. மாமியார் அரிசிக் கூழ்தான் வேண்டும் என்கிறார்; கணவர் ஜவ்வரிசி என்கிறார். மாடிப் படி ஏற மாமியாருக்கு முழங்கால் இடம் கொடுக்காது. அவர் கண் பார்க்காமல் அரிசி வடாம் போட எங்களுக்குத் துணிவில்லை. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை எழுதியது:

கூழ் கிளறுவது கீழே சமையலறையில்தானே? பதம் பார்த்துச் சொல்ல அவர் மாடிக்கு வர வேண்டியதே இல்லை; ஈரக் கையால் தொட்டு “ஆயிற்று” என்று சொன்னால் அவர் வேலை முடிந்தது. பிழிவதற்கு நீங்கள் நால்வரும் போதும். முதல் முறை என்பதால் ஓர் ஆழாக்கு அரிசிக்கு மட்டும் போடுங்கள். சித்திரை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மே நடுவில் மாலை நேரக் கோடை மழை வந்துவிட்டால், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஒருவரை நிற்கவைக்க வேண்டியிருக்கும்.